கேள்வி கேட்ட மாணவரும் விடை தேடிய ஆசிரியரும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற கல்விப் பரிசளிப்பு நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

ஒவ்வோர் ஆண்டும் இம்மேடையில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பொதுவாகப் பேசுவது வழக்கம். இவ்வாண்டு ஒரே ஒரு பாடத்தைப் பற்றி மட்டும் பேச விரும்புகின்றேன். அது புள்ளியியல். மதரஸாவில் ஓதி, பள்ளிவாசலில் இமாமத் செய்யும் இவருக்கும் கல்லூரிப் புள்ளியியலுக்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. அத்தொடர்பு நம் முஹல்லாவாசி ஒருவரால் ஏற்பட்டது. அவருடைய அனுமதியுடன், பெயர் சொல்லாமல், அதனைக் கூறுகின்றேன்.

பள்ளிவாசலுக்கு வந்த கேள்வி

சில மாதங்களுக்கு முன் ஒருநாள் இஷா தொழுகைக்குப் பின் அந்தச் சகோதரர் என்னருகில் வந்து அமர்ந்தார். கடைத்தெருவில் சிறு வியாபாரம் செய்பவர். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"ஹஜ்ரத், மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மற்ற எல்லாப் பாடத்திலும் பாஸ் செய்துவிட்டாள். புள்ளியியலில் மட்டும் இரண்டு தடவை அரியர் விழுந்துவிட்டது. அவளுக்குக் கணக்கு வராது போலிருக்கிறது. நல்ல இடத்திலிருந்து பெண் கேட்டும் வருகிறார்கள். படிப்பை நிறுத்திவிடலாமா?"

உண்மையைச் சொல்கின்றேன். "உங்கள் விருப்பம் போல் செய்யுங்கள் பாய்" என்ற சொல் என் நாவின் நுனி வரை வந்துவிட்டது. ஆனால் ஒரு பிள்ளையின் படிப்பை, அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்துவது முறையன்று என்று தோன்றியது. "நாளை மகளை அழைத்து வாருங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்போம்" என்றேன்.

மறுநாள் அந்த மாணவி தம் அத்தாவுடன் எங்கள் வீட்டிற்கு வந்தார். கையில் புள்ளியியல் நோட்டும் இருந்தது. வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கமும் அச்சிட்டதைப் போல் இருந்தது. கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு, திட்ட விலக்கம், ஒட்டுறவுக் கெழு என்று தலைப்புகளுக்கு அடியில் சிவப்பு மையில் கோடிட்டிருந்தார். சூத்திரங்களைக் கட்டம் கட்டி எழுதியிருந்தார்.

"திட்ட விலக்கம் என்பது எதற்காகம்மா?" என்று கேட்டேன்.

"தெரியாது ஹஜ்ரத். ஐந்து மதிப்பெண்ணுக்கு வரும், பத்து மதிப்பெண்ணுக்கும் வரும். அதுதான் தெரியும்" என்றார்.

பிறகு மெல்ல மெல்ல வகுப்பறையின் நிலையைச் சொன்னார். ஆசிரியர் கரும்பலகையில் சூத்திரம் எழுதுவார். மாணவிகள் பார்த்து எழுதுவார்கள். ஒரு கணக்கு செய்து காட்டுவார், அதையும் எழுதுவார்கள். தேர்வில் அதே கணக்கு வேறு எண்களுடன் வந்தால் எழுதிவிடலாம். சற்று மாற்றிக் கேட்டால் கை நின்றுவிடும். ஒருமுறை அவர் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டாராம். "ஒவ்வோர் எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதுதானே நமக்குத் தேவை? அப்படியிருக்க அந்த வித்தியாசத்தை முதலில் வர்க்கப்படுத்துகிறோம், கடைசியில் வர்க்கமூலம் எடுக்கிறோம். பெருக்கிவிட்டுப் பிறகு ஏன் சுருக்க வேண்டும்?" இதுதான் கேள்வி. "அது உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. வகுப்பு சிரித்தது. அதன்பின் அவர் எழுந்து எதையும் கேட்கவில்லை.

அந்த ஆசிரியரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஒரே அறையில் அறுபது எழுபது மாணவிகள், குறிப்பிட்ட நாளுக்குள் முடிக்க வேண்டிய பாடப்பகுதி, அதற்கிடையே உள்தேர்வுகள் என்று அவருக்கும் நெருக்கடிகள் உண்டு. ஆயினும் அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளையைப் பார்த்து "கணக்கு வராதவள்" என்று எப்படிச் சொல்ல முடியும்? கணக்கு வராதவருக்கு அந்தச் சந்தேகமே வந்திருக்காது.

ஐந்து நாள் பேருந்துக் கணக்கு

நம் முஹல்லாவுக்கு மருமகளாக வந்திருக்கும் சகோதரி ஒருவர் புள்ளியியலில் எம்.எஸ்ஸி. முடித்தவர். அவரிடம் இந்த மாணவியை அனுப்பி வைத்தோம். அவர் முதல் நாளிலேயே அந்தப் பழைய கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டார். தாம் படித்த கல்லூரியில் தம்முடைய பேராசிரியர் இதை எப்படி நடத்தினார் என்பதைச் சொன்னாராம்.

அந்தப் பேராசிரியர் முதல் வாரம் ஒரு சூத்திரமும் எழுதவில்லை. "நீங்கள் கல்லூரிக்கு வரும் பேருந்து எத்தனை நிமிடம் தாமதமாக வருகிறது என்று ஐந்து நாட்கள் குறித்து வாருங்கள்" என்றார். எல்லோரும் குறித்து வந்தார்கள். ஒருவருடைய பேருந்து 4, 6, 8, 10, 12 நிமிடங்கள் தாமதம். மற்றொருவருடையது 0, 0, 8, 16, 16 நிமிடங்கள். இரண்டையும் கூட்டினால் 40. ஐந்தால் வகுத்தால் சராசரி 8. "இரண்டு பேருந்துகளும் ஒன்றுதானா? தேர்வு நாளன்று எதை நம்பிப் புறப்படுவீர்கள்?" என்று கேட்டார். ஒன்றல்ல என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அந்த வேறுபாட்டை எண்ணால் சொல்லத் தெரியவில்லை.

சராசரியிலிருந்து ஒவ்வொரு நாளும் எவ்வளவு விலகியது என்று எழுதிக் கூட்டச் சொன்னார். முதற் பேருந்துக்கு விடை பூஜ்யம். இரண்டாவதற்கும் பூஜ்யம். சராசரிக்கு மேலே உள்ளதும் கீழே உள்ளதும் எப்போதும் ஒன்றையொன்று அழித்துவிடும். வகுப்பு திகைத்தது. அந்த இடத்தில்தான் வர்க்கம் உள்ளே வந்தது. வர்க்கப்படுத்தினால் குறைக்குறி மறைந்துவிடும்; ஒன்றையொன்று அழிக்காது. குறியை மட்டும் நீக்கிவிட்டுக் கூட்டும் வேறொரு முறையும் உண்டு, அதற்குச் சராசரி விலக்கம் என்று பெயர். ஆனால் மேற்கொண்டு கணிதம் செய்வதற்கு வர்க்கமே வசதியானது. வர்க்கப்படுத்தியதால் நிமிடம் என்ற அளவு மாறிவிடுகிறது. அதனைத் திரும்ப நிமிடமாக்கவே கடைசியில் வர்க்கமூலம். முதற் பேருந்தின் திட்ட விலக்கம் ஏறத்தாழ 2.8 நிமிடம், இரண்டாவதன் திட்ட விலக்கம் ஏறத்தாழ 7.2 நிமிடம். எதை நம்பலாம் என்பதை இப்போது எண்ணே சொல்லிவிட்டது.

இதைக் கேட்டு வந்த நம் மாணவி தம் அத்தாவிடம், "இவ்வளவுதானா அத்தா!" என்றாராம். இரண்டு ஆண்டுகள் அரியராக நின்றது அரை மணி நேரத்தில் விளங்கிவிட்டது.

அந்தச் சகோதரி தம் பேராசிரியரைப் பற்றி இன்னொன்றும் சொன்னார். மாணவர் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், அவர் தயங்காமல் "நாளை சொல்கிறேன்" என்பாராம். மறுநாள் மறக்காமல் சொல்லியும் விடுவாராம். "சி.ஆர். ராவ் அப்படித்தான் செய்தார். நான் எம்மாத்திரம்?" என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை. யார் இந்தச் சி.ஆர். ராவ் என்று அறியும் ஆவல் எனக்கு ஏற்பட்டது. தேடிப் படித்தேன். இன்று உங்களிடம் சொல்ல வந்த முக்கியமான செய்தி அதுவேயாகும்.

கல்கத்தாவில் ஒரு வகுப்பறை

கல்யம்புடி ராதாகிருஷ்ண ராவ் 1920 செப்டம்பர் 10 ஆம் நாள் ஹடகலி என்னும் ஊரில் பிறந்தவர். அவ்வூர் இன்று கர்நாடகத்தில் உள்ளது. அன்று நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. பத்துப் பிள்ளைகளில் எட்டாமவர். தந்தை காவல்துறை அலுவலர். தாயார் ஒவ்வொரு நாளும் விடியற்காலை நான்கு மணிக்கு எண்ணெய் விளக்கேற்றி வைத்து மகனைப் படிக்க எழுப்புவாராம். உலகப் புகழ் பெற்ற பின்னர் தாம் எழுதிய நூல் ஒன்றை அந்தத் தாய்க்கே அவர் காணிக்கையாக்கினார். தாய்மார்களே, இதனை நினைவில் வையுங்கள்.

ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற ராவுக்கு உடனே வேலை கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலம். இராணுவத்தின் நில அளவைப் பிரிவில் கணிதம் படித்தவர்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நேர்காணலுக்காகக் கல்கத்தாவுக்குச் சென்றார். அந்த வேலை கிடைக்கவில்லை. ஆனால் அந்நகரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் என்று ஒன்று இருப்பதை அங்கே அறிந்துகொண்டார். 1941 ஜனவரி முதல் நாள் அதில் பயிற்சி மாணவராகச் சேர்ந்தார்.

அந்த நிறுவனத்தை 1931 இல் தோற்றுவித்தவர் பிரசாந்த சந்திர மஹலனோபிஸ். அவர் இயற்பியல் பேராசிரியர். கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்துத் தாயகம் திரும்பும் வேளையில் போர் காரணமாகக் கப்பல் தாமதமானது. காத்திருந்த நாட்களில் அவருடைய ஆசிரியர் ஒருவர், நூலகத்தில் இருந்த புள்ளியியல் ஆய்விதழ் ஒன்றைச் சுட்டிக் காட்டினார். மஹலனோபிஸ் அதன் தொகுதிகளை விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படித்துக்கொண்டு வந்தார். பிற்காலத்தில் இந்திய நாட்டில் புள்ளியியல் வேரூன்றியதற்கு அந்த ஆசிரியர் போகிற போக்கில் காட்டிய ஒரு புத்தக அலமாரி காரணமாயிற்று. அவருடைய பிறந்த நாளான ஜூன் 29 ஐ 2007 முதல் நம் நாடு புள்ளியியல் தினமாகக் கடைப்பிடிக்கிறது.

1941 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் புள்ளியியலில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. ராவ் அதன் முதல் அணியில் சேர்ந்து 1943 இல் தங்கப் பதக்கத்துடன் தேறினார். தேறியவுடன் அதே படிப்பில் பாடம் நடத்தும் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது. ஆகவே, 1944 இல் முதுகலை மாணவர்களுக்கு முன் நின்ற அந்த ஆசிரியருக்கு வயது இருபத்து மூன்றோ இருபத்து நான்கோதான். எதிரே அமர்ந்திருந்த மாணவர்களில் ஒருவர் வி.எம். தாண்டேகர். அவரும் 1920 ஆம் ஆண்டில் பிறந்தவரே. ஆசிரியரும் மாணவரும் ஏறத்தாழ ஒரே வயதினர்!

அன்றைய பாடம் மதிப்பீடு. அதாவது, ஒரு பகுதியைப் பார்த்து முழுமையைப் பற்றிச் சொல்வது. இதை நம் பள்ளிவாசலிலேயே நீங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறீர்கள். நோன்புக் கஞ்சி அண்டாவில் உப்புச் சரியா என்று பார்க்க யாரும் அண்டாவையே குடிப்பதில்லை. நன்றாகக் கிண்டிவிட்டு ஓர் அகப்பை எடுத்துச் சுவைக்கிறார்கள். கிண்டாமல் மேலே உள்ளதை மட்டும் எடுத்தால் தவறிப் போகும். கிண்டுவது என்ன? எல்லாப் பகுதிக்கும் அகப்பையில் வருவதற்குச் சமவாய்ப்புக் கொடுப்பது. புள்ளியியலில் மாதிரி எடுப்பதன் அடிப்படையும் இதுதான்.

ஆனால் சுவைப்பவர் ஒருவர் சரி என்பார். அடுத்த அகப்பையில் சுவைப்பவர் சற்றுக் குறைவு என்பார். எத்தனை நேர்மையாக எடுத்தாலும் மாதிரிக்கு மாதிரி விடை சிறிது மாறும். இந்த மாறுபாட்டை எவ்வளவு தூரம் குறைக்கலாம்? இதுவரை யாருக்கும் தோன்றாத திறமையான முறை ஒன்றைக் கண்டுபிடித்து இதனை அறவே இல்லாமல் ஆக்கிவிட முடியுமா? இங்கிலாந்து அறிஞர் ரொனால்டு ஃபிஷர் இதற்கு ஒரு விடை வைத்திருந்தார். மாதிரியின் அளவு மிகப் பெரியதாகிக்கொண்டே போகும் நிலையில், மாறுபாட்டிற்கு ஒரு கீழெல்லை உண்டு என்பது அவ்விடை. ராவ் அன்று வகுப்பில் அதை நிறுவிக் காட்டினார்.

தாண்டேகர் எழுந்தார். எல்லையின்றிப் பெரிதாகும் மாதிரிக்கு நிறுவினீர்கள். அளவான மாதிரிக்கு ஏன் இதை நிறுவக்கூடாது என்று கேட்டார். எத்தனை நியாயமான கேள்வி! களத்தில் இறங்கி விவரம் சேகரிப்பவர் கையில் இருப்பது ஐம்பது வீடுகளோ ஐந்நூறு வீடுகளோதான். முடிவில்லாத வீடுகள் அல்ல.

அந்த இளம் ஆசிரியர் என்ன சொல்லியிருக்கலாம்? "ஃபிஷர் அவ்வளவுதான் நிறுவியிருக்கிறார்" என்று சொல்லியிருக்கலாம். "பாடத்தில் இல்லை" என்றும் சொல்லியிருக்கலாம். தம் வயதுள்ள மாணவர் எல்லோர் முன்னிலையிலும் மடக்குகிறாரே என்று சினந்தும் இருக்கலாம். அவர் அவற்றில் எதையும் செய்யவில்லை. கேள்வியை வீட்டிற்கு எடுத்துச் சென்றார். ஏறத்தாழ இரவு முழுவதும் அமர்ந்து வேலை செய்தார். மறுநாள் அதே வகுப்பில், அளவான மாதிரிக்கும் அந்தக் கீழெல்லை உண்டு என்பதை நிறுவிக் காட்டினார். ஒரு பக்கமும் சாயாத எந்த மதிப்பீட்டு முறையும், அது எத்தனை திறமையானதாயினும், அந்த எல்லைக்குக் கீழே மாறுபாட்டைக் குறைக்க முடியாது.

அவ்விடை 1945 இல் கல்கத்தாக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்த கட்டுரையில் இடம்பெற்றது. சுவீடன் நாட்டு அறிஞர் ஹரால்டு கிராமரும் இதே முடிவைத் தனியே கண்டு 1946 இல் தம் நூலில் வெளியிட்டார். எனவே இருவர் பெயராலும் அது கிராமர்–ராவ் சமனின்மை என்று வழங்குகிறது. இன்று உலகின் எந்தப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் மேற்படிப்புப் படித்தாலும் இப்பெயரைக் கடக்காமல் பட்டம் பெற முடியாது.

ராவ் பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று அதே ஃபிஷரிடம் ஆய்வு மாணவராக இருந்து 1948 இல் முனைவர் பட்டம் பெற்றார். 2001 இல் பத்ம விபூஷண் விருதும், 2023 இல் பன்னாட்டுப் புள்ளியியல் பரிசும் அவரை வந்தடைந்தன. அதே 2023 ஆகஸ்டு 22 அன்று 102 ஆம் வயதில் மறைந்தார். இத்தனைக்குப் பிறகும், தம் பெயரைத் தாங்கிய அந்தத் தேற்றத்தைப் பற்றிப் பேசும்போது, அதைக் கேட்டுப் பிறப்பித்த மாணவரின் பெயரை அவர் மறைக்கவில்லை. தாண்டேகர் கேட்டார், அதனால் கண்டேன் என்று அவரே சொன்னதால்தான் இந்நிகழ்ச்சி நமக்குத் தெரிய வந்தது.

அந்த மாணவர் என்ன ஆனார்?

தாண்டேகர் பொருளாதார அறிஞரானார். புனேயில் உள்ள கோகலே அரசியல், பொருளாதார நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றினார். 1971 இல் நீலகண்ட ரத் என்பவருடன் சேர்ந்து இந்திய வறுமையைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வினை வெளியிட்டார்.

ஒரு மனிதர் உயிர் வாழ நாளொன்றுக்கு 2,250 கலோரி உணவு வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்குரிய குறைந்தபட்சச் செலவை அவர்கள் வரையறுத்தார்கள். 1960–61 விலைவாசிப்படி ஆளொன்றுக்கு மாதம் கிராமத்தில் 15 ரூபாய், நகரத்தில் 22 ரூபாய் 50 காசு. அதுகூட இல்லாமல் வாழ்ந்தவர்கள் கிராமங்களில் சுமார் நூற்றுக்கு நாற்பது பேர், நகரங்களில் சுமார் ஐம்பது பேர் என்று எடுத்துக்காட்டினார்கள். வேலை கேட்போருக்கு வேலை கொடுக்கும் பொதுப்பணித் திட்டங்கள் வேண்டும் என்றும் வலியுறுத்தினார்கள்.

இந்த எண்களை எங்கிருந்து எடுத்தார்கள்? மஹலனோபிஸ் 1950 இல் உருவாக்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தார்கள். கோடிக்கணக்கான குடும்பங்களையும் விசாரிக்காமல், தேர்ந்தெடுத்த சில வீடுகளின் படியேறி, என்ன சமைத்தீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள் என்று கேட்டுத் திரட்டிய கணக்கு. அதாவது, அளவான மாதிரி! கல்கத்தா வகுப்பறையில் எழுந்த கேள்வி ஏடுகளோடு நின்றுவிடவில்லை. "கையில் இருக்கும் கொஞ்சத்தைக் கொண்டு எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்?" என்று இளமையில் கேட்டவர், பிற்காலத்தில் பசித்த குடும்பங்களை எண்ணிக் காட்டும் பணிக்கு அதே பாடத்தைப் பயன்படுத்தினார்.

நாமும் ஜகாத் நிதியைப் பங்கிடுகிறோம். ஏழைக் குடும்பங்களின் பட்டியல் தயாரிக்கிறோம். பத்து வீடுகளில் ஒன்பது வீடுகளுக்கு மாத வருமானம் ஆளுக்கு ஆயிரம் ரூபாயும், ஒரு வீட்டிற்கு 91,000 ரூபாயும் என்று வையுங்கள். சராசரி 10,000 ரூபாய். "இந்தத் தெருவில் ஏழைகளே இல்லை" என்று அறிக்கை எழுதிவிடலாம்! வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால் ஆயிரம் ரூபாய்தான். சராசரிக்கும் இடைநிலை அளவுக்கும் உள்ள வேறுபாடு தேர்வில் ஐந்து மதிப்பெண். தெருவில் அது ஒன்பது வீட்டு அடுப்பு.

என் குறையையும் சொல்லிவிடுகின்றேன்

ராவ் அவர்களின் வரலாற்றைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் மதரஸா ஒன்றில் ஆசிரியராக இருந்தேன். பாகப்பிரிவினைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பெண் இறந்துவிடுகிறார். பிள்ளைகளோ பெற்றோரோ இல்லை. கணவரும் உடன்பிறந்த இரண்டு சகோதரிகளும் இருக்கிறார்கள். கணவருக்குப் பாதி, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. ஆறு பங்காக வைத்தால் மூன்றும் நான்கும் சேர்ந்து ஏழாகிவிடும். ஆகவே சொத்தை ஏழாகப் பிரித்துக் கணவருக்கு மூன்றும் சகோதரிகளுக்கு நான்கும் கொடுக்க வேண்டும். இதற்கு 'அவ்ல்' என்று பெயர்.

ஒரு மாணவர் எழுந்து, "ஹஜ்ரத், ஏழில் மூன்று என்றால் கணவருக்குப் பாதி கிடைக்கவில்லையே?" என்று கேட்டார். பதில் எளிதானதுதான். ஒருவர் விட்டுச் சென்ற சொத்தைவிடக் கடன் அதிகமாக இருந்தால், கடன் கொடுத்த எல்லோருக்கும் அவரவர் விகிதப்படி குறைத்துக் கொடுப்பதில்லையா, அதுபோல. இன்று சொல்கின்றேன், அன்று எனக்கு இப்படி விளக்கத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. "கிதாபில் உள்ளதை முதலில் ஒழுங்காக ஓது" என்று அதட்டி உட்கார வைத்தேன். மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். அதன்பின் அவர் என் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்டதாக நினைவில்லை.

நம் மாணவி தம் கல்லூரி அனுபவத்தைச் சொன்னபோது அந்த ஆசிரியர் மீது எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் தெரிந்தது, நானும் அதே ஆசிரியராக இருந்திருக்கிறேன் என்று. அந்த மாணவர் இன்று எங்கிருக்கிறார் என்று தெரியவில்லை. இந்த மலர் அவர் கைக்குக் கிடைத்தால், அவருக்குரிய விடை மேலே எழுதப்பட்டிருக்கிறது. தாமதத்திற்கு என்னைப் பொறுத்துக்கொள்ளட்டும்.

நாம் செய்ய வேண்டியவை

அன்பு மாணவச் செல்வங்களே! சூத்திரத்தை மனப்பாடம் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மனப்பாடம் செய்தே ஓதியவன் நான். ஆனால் "இது எதற்கு?" என்ற கேள்வியை அதன் பக்கத்தில் எழுதி வையுங்கள். வகுப்பில் கேட்க இயலாவிட்டால் வகுப்பு முடிந்த பின் ஆசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள். அவர் சொல்லாவிட்டால் தெரிந்த வேறொருவரைத் தேடுங்கள். பக்கத்தில் இருப்பவர் கேள்வி கேட்கும்போது சிரிக்காதீர்கள். தாண்டேகர் எழுந்தபோது வகுப்பு சிரித்து அவரை உட்கார வைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆசிரியப் பெருமக்களே! இந்தச் சபையிலும் சிலர் இருக்கிறீர்கள். "தெரியவில்லை, நாளை சொல்கிறேன்" என்பதால் மதிப்புக் குறையாது என்பதற்கு ராவ் அவர்களே சாட்சி. ஆனால் நாளை என்றால் மறுநாள் சொல்லிவிட வேண்டும். அதற்கு ஓர் இரவு விழிக்க நேரிட்டாலும் சரியே.

பெற்றோர்களே! பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால், "உனக்கு வராது" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். நோட்டை வாங்கிப் பாருங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. எந்த இடத்தில் புரியவில்லை என்று கேளுங்கள். இரண்டு முறை தவறியது என்பது ஒரு விவரம். அது முழுப் பிள்ளையன்று.

நிர்வாகக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். நம் முஹல்லாவில் பட்ட மேற்படிப்பு முடித்து வீட்டில் இருக்கும் சகோதரிகள் பலர் உள்ளனர். பெண்கள் மதரஸா அறை சனிக்கிழமை மாலைகளில் பூட்டியே கிடக்கிறது. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் தங்கள் சந்தேகங்களைக் கொண்டுவந்து கேட்பதற்கு அந்த அறையைத் திறந்துவிடுங்கள். ஒரு கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் போதும். ஆண் பிள்ளைகளுக்குப் பள்ளிவாசல் வாசக சாலை இருக்கிறது. பெரிய செலவில்லை. அடுத்த ஆண்டறிக்கையில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருடைய அரியர் தீர்ந்தது என்று கணக்கு எழுதுங்கள். அதுவும் புள்ளியியல்தான்.

இறுதியாக, அந்த மாணவியைப் பற்றிக் கேட்பீர்கள். அவர் படிப்பு நிற்கவில்லை. பெண் கேட்டு வந்தவர்களிடம், "படிப்பு முடியட்டும், பிறகு பேசுவோம்" என்று அவருடைய அத்தா சொல்லிவிட்டார். சென்ற மாதம் அவர் மூன்றாம் முறையாகப் புள்ளியியல் தேர்வு எழுதியிருக்கிறார். முடிவு இன்னும் வெளிவரவில்லை. ஆகவே தேறிவிட்டார் என்று சொல்லி உங்களை மகிழ்விக்க என்னால் இயலாது. ஆனால் தேர்வு முடிந்து வந்த அன்று, வினாத்தாளில் இருந்த ஒரு கணக்கின் எண்கள் அந்த விடைக்குப் பொருந்தவில்லை, வினாவே தவறாக இருக்குமோ என்ற சந்தேகத்துடன் வினாத்தாளை எடுத்துக்கொண்டு அந்தச் சகோதரியின் வீட்டிற்குச் சென்றாராம்.

பிள்ளை மீண்டும் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார். எனக்கு அதுவே போதுமான நல்ல செய்தியாக இருந்தது.

நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள கல்வியை இறைவன் வழங்குவானாக! வஸ்ஸலாம்.